நுரையை அறுக்கும் முன் பாறையைப் பாருங்கள்

கோத்தா கோலா மூடா, தீக்காம் பத்து, சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத்தில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் அமைக்கும் தம்பி தங்கைகளுக்கு,



தீபாவளி முடிந்த கையோடு நீங்கள் பந்தல் வேலையில் இறங்கிவிடுவீர்கள். யார் எந்த அலங்காரம், எத்தனை அடி உயரம், எவ்வளவு ரிங்கிட் திரட்டுவது என்று பேச்சு நடக்கும். முடிவில் பெரும்பாலான பந்தல்களில் ஒரு மலை வரும். மலைமேல் வேலும் மயிலும் முருகனும் இருப்பார்கள். அந்த மலையைப் பற்றித்தான் இந்த மடல்.

கோத்தா கோலா மூடாவில் நின்று பாருங்கள். மேற்கே கடல், தெற்கே மூடா ஆறு கடலில் சேரும் வாய், சுற்றிலும் வயலும் சேற்றுக் கரையும். ஏறி நிற்க ஒரு மேடுகூட இல்லாத தாழ்ந்த நிலம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்பதை உங்கள் பெற்றோர் மறக்கவில்லை. இப்படிப்பட்ட தட்டை நிலத்தில் வாழ்கிறவர்கள் குறிஞ்சித் தெய்வத்துக்குத் தங்கள் கையாலேயே ஒரு குன்று கட்டித் தருவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தோட்டத்து லயங்களிலிருந்து பட்டணத்து வீடமைப்புக்கு மாறிப்போன பிறகும் அந்த ஆசையை விடாமல் வைத்திருக்கிறீர்கள். ஆகவேதான் அந்தக் குன்று நன்றாக அமையவேண்டும் என்று வேண்டிக் கேட்கிறேன்.

பல பந்தல்களில் நான் பார்க்கிற மலை, பாறையாக இல்லை. வெள்ளை நுரையைக் கண்டபடி கிள்ளி, மேலே சிமெண்டைப் பூசி, ஒரே சாம்பல் வண்ணம் அடித்து நிறுத்திவிடுகிறோம். உழைப்பில் குறையில்லை, இரவிரவாக விழித்து வேலை செய்கிறீர்கள். குறை இருப்பது வேலைக்கு முன்னால். கத்தியைக் கையில் எடுக்கும்வரை யாரும் ஓர் உண்மையான பாறையின் அருகே போய் உட்காருவதில்லை.

நமக்கு வடக்கே ஜெராய் மலை நிற்கிறது. 1,217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டிக் கடாரம் வந்த மரக்கலங்களுக்கு அதுதான் கரைக்கு அடையாளம். அதன் தென்சரிவில், மெர்போக் அருங்காட்சியகத்துக்கு மேலே, புக்கிட் பத்து பஹாட் கோயிலின் பக்கத்தில் ஓர் ஓடை கருங்கல்மேல் வழிந்து இறங்குகிறது. அங்கே போய் ஒரு மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். கருங்கல் கண்டபடி உடைவதில்லை என்பது தெரியும். அதன் வெடிப்புகள் சில திசைகளில் மட்டுமே, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக ஓடும். வெடிப்புக்குள் மழைநீர் புகுந்து, முதலில் மூலைகளைத் தின்னும். மூலை போன பிறகுதான் பாறை உருண்டையாகிறது. வெங்காயத் தோல்போல மேல்பட்டை ஏடு ஏடாகக் கழன்று விழும். பெரிய பரப்பு வழுவழுப்பாக, அமைதியாக இருக்கும். வெடிப்பு வரும் இடத்தில் மட்டும் கூர்மை வரும். இந்த அமைதியும் கூர்மையும் கலந்திருப்பதால்தான் அது பாறை. நாமோ எல்லா இடத்தையும் ஒரே அளவு சொரசொரப்பாக்கிவிடுகிறோம்.

ஜெராயிலேயே வேறு வகையும் உண்டு. கருங்கல் பிற்காலத்தில் ஊடுருவி வந்தது. அதைவிட மிகப் பழைய, கேம்பிரியன் காலத்துப் படிவப் பாறைகள் அந்த மலையில் இருக்கின்றன. அவற்றில் அடுக்கு தெரியும், அடுக்கு முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். நீங்கள் அடுக்குப் பாறை செய்வதாக இருந்தால் மலையின் இடக்கோடியில் எந்தச் சாய்வோ வலக்கோடியிலும் அதே சாய்வு இருக்கவேண்டும். பத்துமலையை நினைத்துக் குகை செய்கிறவர்கள் கருங்கல்லைப் பார்த்துப் பயனில்லை. பாலிங் பக்கமோ, அலோர் ஸ்டார் அருகில் கெரியாங் மலைக்கோ போகவேண்டும். அது சுண்ணாம்புப் பாறை. அதை மழைநீர் கரைத்துக் குழியும் நெடுக்குப் பள்ளமும் விழுதுமாக ஆக்கியிருக்கும். இன்னொன்று, நம் செம்மண் மேடுகளில் கிடைக்கும் செம்புறைக்கல். துளை துளையாக, துருச் சிவப்பாக இருக்கும். இந்த நான்கில் எது உங்கள் மலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே பந்தலில் கருங்கல் உருண்டையும் சுண்ணாம்பு விழுதும் சேர்ந்து தொங்கினால், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் நம்ப மறுக்கும்.

இது எனக்குத் தோன்றிய புது யோசனை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் புல்ஹம் குடும்பத்தார் பணக்காரர் தோட்டங்களுக்குச் செயற்கைப் பாறை கட்டித் தந்தார்கள். செங்கல்லும் கழிவுக்கல்லும் உள்ளே, மேலே சிமெண்ட் பூச்சு. பூச்சை அவர்கள் பாறை அடுக்குகளின் போக்கைப் பார்த்துச் செதுக்கினார்கள். அசல் பாறை என்றே பிற்காலத்தவர் ஏமாந்த இடங்கள் உண்டு. நமக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், 2024ல் நீங்கள் எல்லாரும் பார்த்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம். கொடைக்கானல் குணா குகையின் உள்பகுதியைக் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி கேரளத்துப் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் கட்டினார். உண்மைக் குகையைப் பார்த்துப் படித்த பிறகு கட்டியது அது. படம் பார்த்த எத்தனை பேருக்கு அது அரங்கம் என்று தோன்றியது?

இனி நுரைக்கு வருகிறேன். காசு கொடுத்துப் பலகை வாங்குவதற்கு முன் மீன் சந்தைகளைக் கேளுங்கள். மூடா ஆற்று வாயில் படகு வந்து சேரும் இடங்களில் உடைந்த மீன்பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாம் பாலிஸ்டைரீன். சோப்பும் குளோரினும் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும். மலையின் உள்வயிற்றுக்கு அவை போதும். செதுக்கவேண்டிய மேல்பகுதிக்கு மட்டும் கட்டிப்பலகை வாங்கலாம். நுரைத்துண்டுகளை ஒட்டும்போது தின்னர் வாடை அடிக்கும் பசை எதையும் தொடாதீர்கள், அது நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஸ்பிரே பெயிண்டும் அப்படியே. தண்ணீர் கலந்த பசையோ, பாலியூரித்தேன் நுரைப்பசையோ போதும். பசை காயும்வரை துண்டுகள் நகராமல் இருக்கச் சாத்தே குச்சிகளைச் சாய்வாகக் குத்திவிடுங்கள். குச்சி உள்ளேயே இருக்கட்டும்.

அறுப்பதற்குச் சூட்டுக் கம்பி நல்லது. ஆனால் அதில் வரும் புகையை மூச்சில் இழுக்கக்கூடாது. கதவு சன்னல் இல்லாத ஸ்டோரில் உட்கார்ந்து அறுக்காதீர்கள். கம்பியால் பெரிய முகங்களை நேராக வெட்டுங்கள். கருங்கல்லின் முதல் உடைப்பு நேராகத்தான் இருக்கும். பிறகு மூலைகளை அறுப்புக்கத்தியால் உருட்டுங்கள். வெடிப்புகளைக் கடைசியில், எண்ணிக்கையில் குறைவாக, ஆனால் ஆழமாகக் கீறுங்கள். முடிந்ததும் முழுப்பரப்பையும் இரும்புத் தூரிகையால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். சிமெண்டு நுரையோடு தானாக ஒட்டாது; அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். உதிரும் வெள்ளை மணிகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பூச்சுதான் இந்த வேலையின் உயிர், அதில் நம் வட்டாரத்துக்கு ஓர் உரிமையும் உண்டு. வெறும் சிமெண்டும் மணலும் மெல்லிசாகப் பூசினால் லோரியில் ஏற்றும்போதே வெடித்து உதிரும். வளைந்து கொடுக்கும் தன்மை வேண்டும். சிமெண்டில் ரப்பர்ப் பாலைக் கலந்தால் அது கிடைக்கும் என்பதை 1920களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1923ல் கிரெசன் என்பவரும், 1924ல் லெஃபெபூர் என்பவரும் பிரிட்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அப்போது உலகச் சந்தைக்குப் பால் எங்கிருந்து போனது? மலாயாத் தோட்டங்களிலிருந்தும்தான். நம் பாட்டன் பாட்டிமார் விடியலுக்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டிச் சேர்த்த பால், இன்றைக்கு நீங்கள் கட்டும் மலையின் பூச்சுக்கே மூதாதை. பின்னால் செயற்கை ரப்பர்ப் பால் அந்த இடத்தைப் பிடித்தது. ஹார்ட்வேர் கடையில் எஸ்.பி.ஆர். என்று கேட்டால் கொடுப்பார்கள். வீட்டுப் பக்கத்தில் பால் மரம் நிற்கிறதே என்று பச்சைப்பாலை நேராகச் சிமெண்டில் ஊற்றிவிடாதீர்கள். சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து பட்டதும் அது திரைந்து கட்டியாகிவிடும். திரையாமல் காக்கும் மருந்து சேர்த்த பாலில்தான் அந்த முறை வேலை செய்யும்.

முதல் பூச்சு, சிமெண்டும் எஸ்.பி.ஆர். கலந்த நீரும் கஞ்சிப் பதத்தில். தூரிகையால் தேய்த்து நுரையின் ஒவ்வொரு குழிக்குள்ளும் ஏற்றுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையைப் பதியுங்கள், சிமெண்டின் காரத்தைத் தாங்கும் வகையாகப் பார்த்து. இரண்டாம் பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு சலித்த ஆற்று மணல். கடற்கரை மணல் பக்கத்தில் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிவராதீர்கள். உப்பு வெள்ளையாகப் பூத்து வண்ணத்தைக் கெடுக்கும், உள்ளே இரும்பு இருந்தால் துருப்பிடிக்க வைக்கும். கனம் 5 மில்லிமீட்டர் போதும். பெருவிரலை அழுத்தினால் லேசாகப் பதியும், ஆனால் ஒட்டாது என்ற பதம் வரும்போது செதுக்கத் தொடங்குங்கள். அந்தப் பதம் நெடுநேரம் நிற்காது. ஆகவே ஒருவர் பூச, ஒருவர் செதுக்க, ஒருவர் கலவை கலக்க என்று மூவராக நில்லுங்கள். கசக்கிய அலுமினியத் தாளைப் பதித்து எடுத்தால் நுண்ணிய தேய்மானம் கிடைக்கும். அதை எல்லா இடத்திலும் பதிக்காமல், மழை அடிக்கும் மேல்முகங்களில் மட்டும் பதியுங்கள். கையுறை இல்லாமல் சிமெண்டில் கை வைக்காதீர்கள். அதன் காரம் தோலை வேகவைத்துவிடும், வலி தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

கெடாவில் தைப்பூசக் காலம் வறட்சியான காலம். காற்றும் வெயிலும் சிமெண்டின் ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். வெறும் சிமெண்டுப் பூச்சு என்றால் ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கவேண்டும். ரப்பர்ப் பால் கலந்தது என்றால் முதல் ஒன்றிரண்டு நாள் ஈரம், அதற்குப் பிறகு நிழலில் உலர்த்தல். அப்போதுதான் ரப்பர் உள்ளே படலமாகப் படியும். பூசத்துக்கு முதல்நாள் இரவு பூசிவிட்டு மறுநாள் லோரியில் ஏற்றுகிற வழக்கத்தை இந்த வருடமாவது விட்டுவிடுங்கள்.

வண்ணத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாறையின் நிறத்தைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. மழைநீர் வழியும் தடத்தில் கறுப்புப் பாசி கோடாக இறங்கும். நிழல்பட்ட அடியில் பச்சை. மண்ணை ஒட்டிய ஓரத்தில் செம்மண் தெறித்த துருநிறம். ஆகவே வண்ணம் தொடும் முன் உங்கள் மலையின் உச்சியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்த வழியே ஓடுகிறது என்று பார்த்துக் கரித்துண்டால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தடத்தில்தான் கறுப்பு. திருமுருகாற்றுப்படை பழமுதிர்சோலை மலையின் அருவியோடு முடிவதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முருகனின் மலை என்றால் நீர் இறங்கும் மலை. கருங்கல்லின் உடம்புக்கு மூன்று வகைச் சாம்பல், மேலே பழைய பல் தூரிகையால் தெறித்த கறுப்பும் வெள்ளையும். இரும்பு ஆக்சைடு வண்ணப்பொடிகள் சிமெண்டின் காரத்துக்கு மங்காது. இன்னொன்று, ரத ஊர்வலம் பெரும்பாலும் இரவில். உங்கள் மலையை மக்கள் பார்ப்பது விளக்கொளியில். நீல விளக்கின் கீழே பழுப்பும் சிவப்பும் செத்துப்போகும். எந்த விளக்கு போடப்போகிறீர்களோ அதன் கீழே வைத்து வண்ணத்தைச் சரிபாருங்கள்.

எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முறையின் அருமை புரியும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் கருங்கல் ஏறக்குறைய 1,400 கிலோ. அதே அளவு நுரை உருண்டை 8 முதல் 10 கிலோ; 5 மில்லிமீட்டர் பூச்சு இன்னும் 30 கிலோ சேர்க்கும். இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஆனால் தூக்க முடிந்தது காற்றிலும் சாயும். அடியில் மணல்மூட்டை வைத்துக் கட்டுங்கள். பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள், உள்ளே மரச்சட்டம் இல்லாத எந்தப் பாறையையும் கைக்கெட்டும் உயரத்தில் வைக்காதீர்கள்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பாலிஸ்டைரீன் எரியும். பிடித்துக்கொண்டால் உருகிச் சொட்டுச் சொட்டாக நெருப்பாகவே விழும், கறும்புகை கண்ணை மறைக்கும். மீன்பெட்டி நுரை பெரும்பாலும் தீத்தடுப்பு மருந்து கலக்காதது. நம் பந்தலில் குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, ஜெனரேட்டர், சூடான விளக்குகள், இத்தனையும் சில அடி தூரத்துக்குள் இருக்கின்றன, சுற்றிலும் கூட்டம். முன்பக்கம் மட்டும் சிமெண்டு பூசி, பின்பக்கத்தை வெள்ளையாக விட்டுவிடும் வழக்கம் ஆபத்தானது. பின்புறம், அடிப்புறம், குடைந்த உள்புறம் எல்லாவற்றையும் பூசுங்கள். போக்குவரத்தில் வெடித்த இடங்களை நிறுத்திய பிறகு மறுபடி அடையுங்கள். விளக்கு வைக்கும் மேடைப்பாறையை நுரையில் செய்யவே கூடாது. அதைச் செங்கல்லிலோ, கம்பிவலைமேல் சிமெண்டிலோ கட்டுங்கள். தீயணைப்பான் இரண்டு, பயன்படுத்தத் தெரிந்த இருவர், இரவு முழுக்க. இதில் செலவைக் குறைக்க நினைக்கும் குழு மலை கட்டவே வேண்டாம். வேலை மட்டும் நட்டுப் பூப்போட்டுத் தண்ணீரும் மோரும் கொடுத்தாலே பந்தல் நிறைந்துவிடும்.

பூசம் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது? மலையைக் கோடரியால் உடைத்து, ஒரு லோரியில் ஏற்றி, எங்கேயோ கொட்டுகிறோம். மழை வந்ததும் வெள்ளை மணிகள் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் போய், கடைசியில் கோலா மூடா வாயில் சேர்கின்றன. அவை மக்குவதில்லை. மிதக்கும் மணியை மீனும் பறவையும் இரையென்று கொத்துகின்றன. அந்த மீனை நம்பி வாழும் குடும்பங்கள் நமக்குப் பக்கத்து வீட்டார். ஆகவே அறுக்கும்போதே நான்கு பக்கமும் கொசுவலை கட்டி, தரையில் ஈரத்துணி விரித்து, உதிரும் மணியை அன்றன்றே சாக்கில் கட்டுங்கள். அந்த மணியைச் சிமெண்டில் கலந்தால் உள்பூச்சுக்கான லேசான கலவையாகிவிடும். மலையை ஒரே பிண்டமாகச் செய்யாமல், இரண்டு பேர் தூக்கக்கூடிய துண்டுகளாகச் செய்து, வெடிப்புக் கோடுகளிலேயே இணைப்பு வருமாறு அமையுங்கள். சரியாகப் பூசிய துண்டு பல வருடம் தாங்கும். ஒவ்வொரு வருடமும் அடுக்கும் முறையை மாற்றினால் புது மலை. வருடக் கடைசியில் பள்ளிக்கூட நாடகத்துக்கும், தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர்களுக்கும் இரவல் கொடுக்கலாம். ஒவ்வொரு குழுவும் தனித்தனி மலை கட்டி உடைப்பதைவிட, வட்டாரத்துக்கு ஒரு கிடங்கு, அதில் எல்லாருக்கும் பொதுவான பாறைத் துண்டுகள் என்று ஏன் தொடங்கக்கூடாது? யார் மலை உயரம் என்ற போட்டி நின்றால் இது நடக்கும்.

கடைசியாக ஒன்று, இது என் மனத்தை அறுப்பது. 2013ல் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டப் பகுதியிலிருந்த 11ஆம் எண் கோயில் எச்சம் வீடமைப்பு வேலையின்போது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றது, செய்தி வெளியே வந்தபோது அங்கே வெறும் நிலம்தான் இருந்தது. புக்கிட் பத்து பஹாட் கோயிலுக்கு நல்ல காலம். 1959-60ல் அதன் சொந்தக் கற்களைத் தேடி எடுத்து மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். செயற்கைப் பாறை செய்யக் கற்றுக்கொள்ளும் நீங்கள், ஒரு கல்லைக் கல்லாக ஆக்கக் காலம் என்னென்ன செய்திருக்கிறது என்பதை மற்றவர்களைவிட நன்றாக அறிவீர்கள். அடுத்த முறை எங்கேனும் பழங்கற்கள் கிடக்கும் மேட்டில் புல்டோசர் வந்து நின்றால், முதலில் குரல் கொடுப்பது உங்கள் குழுவாக இருக்கவேண்டும்.

மெர்போக் ஓடைக்குப் போகும்போது வெள்ளைத் தாளும் கரித்துண்டும் எடுத்துப் போங்கள். தாளைப் பாறைமேல் வைத்துக் கரியால் தேய்த்தால் அதன் சொரசொரப்பு அப்படியே பதிந்து வரும்; பூச்சு வேலையின்போது கண்ணெதிரே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கோயிலின் பழைய கற்கள்மேல் தாள் வைக்கவேண்டாம், ஓடைப் பாறைகளே போதும். வெயில் ஏறுமுன் போனால் வெடிப்புகளின் நிழல் நீளமாகத் தெரியும். பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, மற்றப் பந்தல் குழுவினரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். நானும் வருகிறேன், சூட்டுக் கம்பி கட்டும் விதத்தையும் கலவைப் பதத்தையும் அன்று மாலையே செய்து காட்டுகிறேன்.

அன்புடன்,
சுங்கைப் பட்டாணியிலிருந்து,
உங்கள் மூத்த பந்தல் வேலைக்காரர்